தோஃபார் கரையில் ஒரு குளிர்கடல்

ஆடி மாதத்தில் வளைகுடா நாடுகள் எப்படிக் கொதிக்கும் என்பதை நம் வீடுகளில் எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவராவது அந்த வெயிலில் நின்று உழைத்தவராக இருப்பார். அத்தகையதொரு ஆடி மாதத்தில்தான் ஓமானின் தென்கோடியிலுள்ள சலாலா நகருக்குச் சென்று சேர்ந்தேன். என் தங்கையின் குடும்பம் பல ஆண்டுகளாக அங்கே வாழ்கிறது. முந்தைய நாள் மஸ்கத்தில் நிழலில்கூட நிற்க முடியவில்லை. அங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே வந்து விமானத்தை விட்டு இறங்கியபோது என் முகத்தில் பட்டது தூறல்.

'கரீஃப்' என்று அரபியர் அழைக்கும் பருவம் அது. ஜூன் மாதத்தின் பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை தோஃபார் மாகாணத்தின் கடலோர மலைகளை மூடுபனி போர்த்தியிருக்கும். பாலைநிலத்தின் விளிம்பில் திடீரென்று ஒரு குற்றாலம் முளைத்தது போல் மலையெங்கும் புல் பச்சை விரித்திருக்கும். பசுக்களும் ஒட்டகங்களும் அருகருகே மேயும். வளைகுடா முழுவதிலுமிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து, மழையில் நனைவதற்காகவே குடையின்றி நடப்பார்கள். மழையைக் கண்டால் வாசற்படி ஏறி ஒதுங்கும் நமக்கு அது வேடிக்கையாகத் தோன்றும்.

ஆனால் நான் எழுத வந்தது மலையைப் பற்றியன்று, கடலைப் பற்றி.

சலாலாவுக்குக் கிழக்கே எழுபது கிலோமீட்டர் தொலைவில் மிர்பாத் என்ற பழைய துறை உள்ளது. மண்ணாலும் சுண்ணாம்பாலும் கட்டிய பழங்கால வணிகர் வீடுகள் இன்னும் சில அங்கே எஞ்சி நிற்கின்றன. தங்கையின் கணவர் என்னை அங்கே அழைத்துச் சென்றார். படகுகள் யாவும் கரையேற்றப்பட்டிருந்தன. கரீஃப் காலத்துக் கடல் சீற்றம் மிகுந்தது. பாறைகள் சூழ்ந்து அலை தணிந்த ஒரு சிறு குடாவைக் காட்டி, "காலை நனைத்துப் பாருங்கள், மச்சான்" என்றார். நனைத்தவன் உடனே இழுத்துக்கொண்டேன். மார்கழி வைகறையில் தாமிரபரணியில் கால் வைத்தது போலிருந்தது. வெப்ப மண்டலத்தில், அதுவும் கோடையின் நடுவில், கடல் இப்படிச் சில்லென்று இருக்கலாமா?

இருக்கிறது. இந்தக் கரையோரத்தின் சில இடங்களில் அம்மாதங்களில் நீரின் வெப்பம் 20 பாகை செல்சியஸுக்கும் கீழே இறங்குகிறது. அதன் காரணத்தை அறிந்துகொண்டால், அதே கடலில் வாழும் ஒரு திமிங்கிலக் கூட்டத்தின் கதையும் விளங்கிவிடும்.

நமக்குத் தென்மேற்குப் பருவமழையைக் கொண்டுவரும் காற்றுதான் இங்கும் காரணம். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி எழுந்து, சோமாலியாவைக் கடந்து, அரபிக்கடலின் குறுக்கே இந்தியாவை நோக்கி அது விரைகிறது. தரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் ஓர் ஆறு போல் அக்காற்று ஓடுவதை ஃபின்ட்லேட்டர் என்ற வானிலை அறிஞர் 1969-இல் விவரித்தார். அந்த ஆற்றின் இடக்கரையாக அமைந்திருப்பது தோஃபார். அதாவது காற்று இங்கே கரையை நோக்கி வீசுவதில்லை. கரையை உரசியவாறு தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கிச் செல்கிறது.

காற்று தள்ளுகின்ற திசையிலேயே கடல் நீரும் போகும் என்றுதான் எவரும் நினைப்போம். பூமி சுழன்றுகொண்டிருப்பதால் அவ்வாறு நிகழ்வதில்லை. பூமியின் வடபாதியில் மேல்நீர் காற்றின் வலப்பக்கமாக விலகிச் செல்லும். இதற்குரிய கணக்கை ஸ்வீடன் நாட்டு அறிஞர் எக்மன் 1905-இல் வகுத்துக் கொடுத்தார். தோஃபாரில் காற்றுக்கு இடப்புறம் நிலம், வலப்புறம் திறந்த கடல். ஆகவே வெயிலில் சூடேறிய மேல்நீர் கரையை விட்டு வெளியே தள்ளப்படுகிறது. அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப நூறு, இருநூறு மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலேறி வருகிறது. சுடுபால் குவளையின் ஒரு விளிம்பில் வாய் வைத்து ஊதினால் ஏடு அப்பால் ஒதுங்கி, அடிப்பால் மேலே தெரியுமல்லவா? ஏறக்குறைய அப்படித்தான். அந்தக் குவளையின் விளிம்பு மட்டும் இங்கே பல நூறு கிலோமீட்டர் நீளமுடையது.

மேலேறும் நீர் குளிர்ச்சியை மட்டும் கொண்டுவருவதில்லை. கடலில் மடிந்த உயிர்களின் எச்சமெல்லாம் கீழிறங்கி மக்கி, நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் ஆழத்தில் தேங்கிக் கிடக்கின்றன. வயலுக்கு நாம் இடும் உரத்தின் சத்துகளே அவை. வெப்பக் கடல்களின் குறை என்னவென்றால், வெளிச்சம் மேலே இருக்கும், உரம் கீழே இருக்கும், இரண்டும் சந்திப்பதில்லை. அதனால்தான் நீலம் பூத்துக் கண்ணுக்கு அழகாய்த் தெரியும் வெப்பக் கடல் பெரும்பாலும் பசித்த கடலாகவே இருக்கிறது. தோஃபாரில் ஆண்டுக்கு மூன்று, நான்கு மாதங்கள் இரண்டும் சந்திக்கின்றன. நீர் பச்சையாகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றை உண்ண இறால் இனத்தின் நுண்ணுயிர்கள். அவற்றை உண்ணச் சாளை மீன்கள். குளிர்நாட்டுக் கடல்களுக்கே உரிய பெரும்பாசிக் காடுகள்கூட இக்கரைப் பாறைகளில் அம்மாதங்களில் தழைத்து, காற்று அடங்கியதும் அழிந்துபோகின்றன.

இந்தச் செழிப்பு கரையோடு நின்றுவிடுவதுமில்லை. ராஸ் மத்ரகா, ராஸ் அல் ஹத் போன்ற முனைகளில் குளிர்நீர் நாக்கு நீட்டியது போல் திறந்த கடலுக்குள் வெகுதூரம் ஓடுகிறது. வானிலிருந்து செயற்கைக்கோள் எடுக்கும் படங்களில் அந்தப் பச்சை நாக்குகளைத் தெளிவாகக் காணலாம். அந்த நாக்குகள் எங்கே வளைகின்றனவோ அங்கே உணவு தேங்குகிறது. உணவு தேங்கும் இடத்தைக் கடல்வாழ் பெருவிலங்குகள் அறிந்திருக்கின்றன.

சாளை என்றதும் நம் அடுக்களை நினைவுக்கு வருவது இயல்பே. கேரளத்தாரின் மத்தி, நம் பக்கத்து நெய்ச்சாளை, தோஃபாரின் சாளை எல்லாம் ஒரே இனந்தான். மிர்பாத்துக்குப் போகும் வழியிலுள்ள தாக்கா ஊர்க் கடற்கரையில், பருவம் மாறியபின் வெள்ளிக்காசுகளைக் கொட்டிப் பரப்பியது போல் சாளை காய்வதைப் பின்னொரு முறை கண்டேன். மனிதர் உண்பதற்கன்று, மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனமாக! நான் வியந்ததில் வியப்பில்லை. பதினான்காம் நூற்றாண்டில் இங்கு வந்த இப்னு பதூதாவும் இதே காட்சியைக் கண்டு, கால்நடைகள் சாளையை உண்ணும் விந்தையை வேறெங்கும் தாம் கண்டதில்லை என்று குறித்திருக்கிறார். நம் மஅபர் நாட்டுக்கும் மதுரைக்கும் வந்து தங்கிய அதே இப்னு பதூதாதான். 1347-இல் கோழிக்கோட்டிலிருந்து கப்பலேறி இருபத்தெட்டு நாட்களில் அவர் தோஃபாரை அடைந்தார். இக்கரையிலிருந்து குதிரைகளும் குந்திரிக்கமும் இந்தியாவுக்குப் போன காலம் அது. குதிரைக் கப்பல்கள் வந்து நின்ற துறைகளுள் ஒன்று எங்கள் காயல்.

திமிங்கிலத்தைக் காண அடுத்த பிப்ரவரியில் மறுபடியும் சென்றேன். கரீஃபில் கடலுக்குள் இறங்குவது நடவாத காரியம். சலாலாவிலிருந்து கடலோரமாகவே கிழக்கே போகும் பாதை, மிர்பாத்தைத் தாண்டி, ஜபல் சம்ஹான் மலையின் செங்குத்துச் சுவரை ஒட்டி ஹாசிக் என்னும் மீனவச் சிற்றூரைச் சென்றடைகிறது. அதற்கு எதிரே கடலில் ஹல்லானியாத் தீவுகள் ஐந்து. பழைய வரைபடங்களில் குரியா முரியா என்றிருப்பவை இவைதாம்.

சுபுஹு தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். படகுக்காரர் அறுபது வயதைக் கடந்தவர். இடையில் கட்டம் போட்ட லுங்கி, தலையில் துண்டு. ஊரைச் சொன்னால் நம் கடற்கரையில் ஒருவர் என்றே நம்பலாம். கடல் கண்ணாடியாய்க் கிடந்தது. இரண்டு மணி நேரம் ஒன்றும் தென்படவில்லை. ஓங்கில்கள் சில வந்து படகின் முனையில் விளையாடிவிட்டுப் போயின. மச்சானுக்குத் தலைச்சுற்றல் தொடங்கிவிட்டது. திரும்பலாம் என்று வாயெடுத்த நேரத்தில் படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தாழ்ந்த குரலில், "ஹூத்" என்றார். யூனுஸ் நபி (அலை) அவர்களின் வரலாற்றில் நாம் ஓதிவரும் அதே சொல்.

முதலில் மூச்சு கேட்டது. ஈரத்துணியை உதறினாற்போல் ஓர் ஓசை. பிறகு நீராவித் தூண் ஒன்று எழுந்து கலைந்தது. கருத்த முதுகு வளைந்து, இறுதியில் வால் மேலெழுந்து, நீர் வடிய வடிய அடங்கியது. அவ்வளவுதான். கால் மணிக்கும் குறைவான நேரத்தில் மூன்று முறை மூச்சு வாங்கிவிட்டு ஆழ்ந்துவிட்டது. கூனல் திமிங்கிலம் என்பது அதன் பெயர். பதினான்கு, பதினைந்து மீட்டர் வரை வளரும். பல் இல்லை, வாயில் தொங்கும் சல்லடைத் தகடுகளால் நீரை வடித்துக் குறுமீனையும் நுண்ணிறாலையும் உண்ணும். இந்தக் குடாவில் அதன் ஆண்கள் மணிக்கணக்கில் பாடுவதை ஆய்வாளர்கள் நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவுசெய்திருக்கிறார்கள். மற்றக் கடல்களின் கூனல்கள் பாடும் பாட்டு வேறு, இங்குள்ள பாட்டு வேறு. என் காதுக்கு எட்டியது மூச்சு மட்டுமே. ஆயினும் படகில் மூவரும் நெடுநேரம் பேசவில்லை.

இந்த விலங்கின் வாழ்வில்தான் குளிர்கடலின் பொருள் முழுமையாகப் புலப்படுகிறது. உலகின் ஏனைய கூனல் திமிங்கிலங்கள் அனைத்தும் பயணிகள். கோடையில் துருவத்தை அடுத்த குளிர்கடலுக்குப் போய் வயிறு நிறைய உண்டு கொழுப்புச் சேர்க்கும். குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்கு வந்து, மாதக்கணக்கில் ஏறக்குறைய பட்டினியாகவே கிடந்து, குட்டி ஈன்று திரும்பும். ஆண்டுதோறும் பல ஆயிரம் கிலோமீட்டர் அலைச்சல். அரபிக்கடல் கூனல்கள் மட்டும் துருவத்துக்குப் போவதில்லை. வடக்கே போகலாம் என்றால் ஆசியாவின் நிலப்பரப்பு வழிமறிக்கிறது. போக வேண்டிய தேவையும் அவற்றுக்கு இல்லை. துருவக் கடலின் குளிரும் உணவும் ஆண்டுதோறும் காற்றின் வழியே அவற்றின் வாசலுக்கே வந்துவிடுகின்றன. ஈனும் கடலும் உண்ணும் கடலும் அவற்றுக்கு ஒன்றே. உடல் திசுக்களின் மரபணுக்களை ஒப்பிட்டவர்கள், தென்கடலிலுள்ள உறவினங்களிலிருந்து இவை ஏறத்தாழ 70,000 ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்கின்றன என்று 2014-இல் வெளியிட்டார்கள்.

இந்த உண்மை முதலில் வெளிப்பட்ட விதம் கொடுமையானது. 1960-களில் சோவியத் நாட்டின் திமிங்கில வேட்டைக் கப்பல்கள், சர்வதேச விதிகளை மீறி, அரபிக்கடலுக்குள் நுழைந்தன. ஓமான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குக் கரைகளுக்கு அப்பால் அவை கொன்ற கூனல்கள் 242. பெரும்பாலானவை 1966 நவம்பர் என்ற ஒரே மாதத்தில். பல்லாண்டுகள் மறைக்கப்பட்டிருந்த கணக்கை, அக்கப்பல்களில் பணியாற்றிய அறிவியலாளர் மிகலேவ் 1997-இல் உலகுக்கு அறிவித்தார். வெட்டித் திறந்த வயிறுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் உணவு இருந்தது. வெப்பக் கடலில் பட்டினி கிடக்க வேண்டிய இனம் இங்கே உண்டுகொண்டிருந்திருக்கிறது! கருவுற்றிருந்த தாய்களின் வயிற்றுக் குட்டிகளின் அளவும், இவை தென்கடலிலிருந்து வந்த விருந்தாளிகள் அல்ல, இங்கேயே ஈன்று வாழ்பவை என்பதைக் காட்டிற்று. அந்த அறிவுக்காகக் கொடுத்த விலையை இன்றளவும் இந்த இனம் செலுத்திக்கொண்டிருக்கிறது. ஓமான் கடலில் எடுத்த வாற்படங்களை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட மதிப்பீடு 82. எண்ணாயிரம் அன்று, எண்ணூறும் அன்று, எண்பத்திரண்டு. நாங்கள் ஹாசிக்கில் பார்த்தது அந்தச் சிறு எண்ணிக்கையுள் ஒன்று என்பது கரை திரும்பிய பிறகுதான் மனத்தில் உறைத்தது.

2014 முதல் ஓமான் சுற்றுச்சூழல் சங்கத்தாரும் அவர்களோடு சேர்ந்த ஆய்வாளர்களும் இந்தத் திமிங்கிலங்களின் முதுகில் சிறு ஒலிபரப்புக் கருவிகளைப் பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். அவை பெரும்பாலும் தோஃபாருக்கும் மஸீரா வளைகுடாவுக்கும் இடையிலுள்ள கரையோரக் கடலிலேயே, குளிர்நீர் ஏறும் இடங்களை ஒட்டியே சுற்றின. ஒருத்தி மட்டும் விதிவிலக்கு. 'லுபான்' என்று அவளுக்குப் பெயர். நம் வீடுகளில் புகையும் குந்திரிக்கத்துக்கு அரபியில் அதுதான் பெயர். 2017 நவம்பரில் மஸீரா வளைகுடாவில் கருவி பொருத்தப்பட்டவள், அரபிக்கடலைக் குறுக்கே கடந்து, கோவாவுக்கு நேரான கடலை அடைந்து, மேலைக்கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, இந்தியாவின் தென்முனைக் கடல்வரை வந்தாள். இப்னு பதூதாவின் கப்பல்வழியை ஒருத்தி தனியே நீந்தி வந்திருக்கிறாள் என்று படித்தபோது, நான் பிறந்த ஊரின் கடலுக்கு அவ்வளவு அருகில் அவள் மூச்சு வாங்கியிருக்கிறாள் என்ற எண்ணமே எனக்குப் பெருமிதமாக இருந்தது.

காற்று கொண்டுவரும் உணவு திமிங்கிலத்தை மட்டும் அழைப்பதில்லை. சாளை இருக்குமிடத்தில் சீலாவும் சூரையும் இருக்கும். அவற்றைத் தேடி மனிதன் வலையோடு வருவான். திமிங்கிலத்தின் பந்தியும் மீனவரின் பாடும் ஒரே இடத்தில் அமைந்துவிட்டதுதான் சிக்கல். ஓமானில் படமெடுக்கப்பட்ட கூனல்களில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது வரை, வலையில் சிக்கி மீண்டதற்கான தழும்புகளைத் தாங்கியிருக்கின்றன. மீளாதவை படத்தில் வருவதில்லை. மஸீரா வளைகுடாவின் கரையில் துக்ம் என்ற பெருந்துறைமுகம் எழுந்திருக்கிறது. கப்பல்களின் போக்குவரத்தும் இரைச்சலும் அதனோடு வந்துவிட்டன.

கடலும் மாறி வருகிறது. அரபிக்கடலின் ஆழத்தில் இயல்பாகவே உயிர்வளி மிகக் குறைந்த ஓர் அடுக்கு உண்டு. 2000-க்குப் பிறகு அதன் மேற்பரப்பில், வடகிழக்குப் பருவத்தில், நாக்டிலூக்கா என்னும் பச்சை நுண்ணுயிர் பரந்து படர்ந்துவருகிறது. உயிர்வளி குன்றிய நீரிலும் அது தழைக்கும். சாளைக்கு உகந்த பழைய நுண்பாசிகளின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. அதைத் தின்று பெருகுபவை சொறிமீன்கள் போன்ற, பெரிய மீன்களுக்கு அதிகம் பயன்படாத உயிர்கள். திரும்பும் வழியில் மஸ்கத் கடற்கரையில் இரவில் அதைக் கண்டேன். ஒவ்வோர் அலையும் உடைகையில் நீலமாய் ஒளிர்ந்தது. பிள்ளைகள் கைதட்டி ஆரவாரித்தார்கள். காரணம் தெரிந்தபின் எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை.

சென்ற ஜூன் மாதத்தின் கடைசியில் மச்சான் தொலைபேசியில் அழைத்தார். "மலையில் மூடுபனி இறங்கிவிட்டது, மிர்பாத்தில் படகுகளை ஏற்றிவிட்டார்கள்" என்றார். எங்கள் ஊரிலும் கச்சான் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பயணக் கதையைப் பலமுறை கேட்டுவிட்ட உம்மா, "அந்த லுபான் இந்தப் பக்கம் வந்ததே, நம் கடற்காரர் யாரும் அதைப் பார்க்கவில்லையா?" என்று கேட்டார்கள். கேட்டுத்தான் பார்ப்போமே என்று மாலையில் கடற்கரைக்குப் போனேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் பொறுமையாகக் கேட்டார். திமிங்கிலங்கள் கரை ஒதுங்கியதைத் தம் தகப்பனார் காலத்திலிருந்தே அறிவதாகச் சொன்னார். பாடும் திமிங்கிலத்தைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார்.

"சரி, அது எங்கள் வலையில் விழுந்தால் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?"

"வலையை அறுத்து விட்டுவிட வேண்டும்" என்றேன்.

அவர் பின்னுவதை நிறுத்தினார். கையிலிருந்த வலையின் விலையைச் சொன்னார். அதில் இன்னும் அடையாத கடன் எவ்வளவு என்பதையும் சொன்னார். பிறகு தலையைக் குனிந்து மீண்டும் ஊசியைக் கோத்தார். நான் அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். இருட்டும் வரை அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் தொடரவில்லை.